பதினோராவது கட்டம்

ஐந்தே முக்காலுக்கு அவன் எழுந்தான். சோபாவில் விரித்திருந்த போர்வையை நான்காக மடித்தான். தலையணையோடு சேர்த்து அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தான். பல் தேய்த்தான். பாலைக் காய்ச்சினான். மாமனாரின் காலை மாத்திரைகளைச் சின்னத் தட்டில் வரிசையாக வைத்தான். வெள்ளை, வெள்ளை, மஞ்சள், ரோஸ். துவைத்த துணி வாளியை நாலு மாடி தூக்கிப்போய் மொட்டைமாடியில் வைத்தான். லிஃப்ட் கெட்டுப்போய் மூன்று மாதம் ஆகிறது. கீழே வந்து யூனிஃபார்ம் போட்டுக்கொண்டான்.

ஏழு வாரமாக இதுதான் காலை. மாமனாருக்கு மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று அவரும் மாமியாரும் இங்கேயே வந்துவிட்டார்கள். இரண்டு வாரம் என்று சொல்லி வந்தவர்கள். வீட்டில் இரண்டே அறை. மாமனாருக்கு ஒன்று. மாமியாருக்கும் அவன் மனைவிக்கும் ஒன்று. அவனுக்கு ஹால். சோபா அவனுக்கு ஏற்கெனவே பழக்கம்தான்.

அவன் இதய வார்டில் நர்ஸ். வீட்டுக்குப் போகிற நோயாளிகளை உட்காரவைத்து, இனி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவது அவன் பொறுப்பு. அதற்கென்று ஒரு தாள் உண்டு. அதில் பன்னிரண்டு கட்டம். ஒவ்வொன்றையும் விளக்கிவிட்டு டிக் போட வேண்டும். உப்பு விஷயத்தில் அவன் புலி. ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன்தான் என்று அவன் சொல்லும்போது நோயாளிகள் திருடி மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி தலையைக் குனிவார்கள். வார்டில் அவனுக்கு உப்பு சார் என்றே பெயர்.

பதினோராவது கட்டத்தில் 'தாம்பத்திய உறவு பற்றி விளக்கப்பட்டது' என்று இருக்கும். அது வரும்போது அவனுக்கு இருமல் வரும். இருமி முடிக்கும்போது பேனா பன்னிரண்டாவது கட்டத்தில் நின்றிருக்கும். பதினொன்றில் டிக் விழுந்திருக்கும். இரண்டு வருஷமாக அது இப்படித்தான் விழுந்துகொண்டிருந்தது.

மாமனாரை டிஸ்சார்ஜ் செய்த அன்றும் விழுந்தது. அன்றைக்கு இருமல் கொஞ்சம் கூடுதல். மாமியார் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலை பெரிய சிஸ்டர் எல்லோரையும் கூப்பிட்டாள். வார்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"வீட்டுக்குப் போனவங்களுக்கு வியாழக்கிழமையிலேருந்து போன் போடப் போறோம். பன்னிரண்டு கட்டத்தையும் ஒவ்வொண்ணா படிச்சு, இதைச் சொன்னாங்களா சொன்னாங்களான்னு கேப்போம். சொல்லாம கையெழுத்துப் போட்டிருந்தா அது பொய்க் கையெழுத்து. விசாரணை உண்டு."

அவன் தரையைப் பார்த்தான். தரை சுத்தமாக இருந்தது.

"முதல் போன் யாருக்குன்னு பாத்தேன்," என்றாள் பெரிய சிஸ்டர். முகத்தில் பிரியம் வழிந்தது. "உன் மாமனாருக்குத்தான் தம்பி. நம்ம வீட்டு ஆளு. நல்லபடியா ஆரம்பிச்ச மாதிரி இருக்கும்."

விசாரணை அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவனைக் குத்தியது வேறு. ஏழு வாரமாக மாமியார் ஒரு அறை, மாமனார் ஒரு அறை. நாற்பது வருஷம் சேர்ந்திருந்தவர்கள். ஊருக்குக் கிளம்புகிற பேச்சே இல்லை. தனியாக இருக்கப் பயப்படுகிறார்கள். தொட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயப்படுகிறார்கள். ஒன்றும் ஆகாது என்று சொல்லவேண்டிய ஆள் அன்றைக்கு உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் மாமனாரோடு நடக்கப் போனான்.

"மாமா, மூச்செல்லாம் எப்படி இருக்கு?"

"உள்ள போகுது, வெளிய வருது."

"ரெண்டு மாடி நிக்காம ஏறினா வாங்குதா?"

மாமனார் நின்றுவிட்டார். "மாப்பிள்ளை, முப்பத்தஞ்சு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பண்ணினவன் நான். என்னைப் போய்ப் படி ஏறச் சொல்றீங்களே."

"ஒரு டெஸ்ட் மாதிரிதான் மாமா. ரெண்டு மாடி ஏறி நெஞ்சு வலிக்கலன்னா, அப்புறம் வீட்டுல... எல்லாம்... பழையபடி..."

"பழையபடின்னா?"

இருமல் வந்தது. மாமனார் பொறுமையாகக் காத்திருந்தார்.

"எவ்வளவு லோடு?" என்று கேட்டார்.

"லோடெல்லாம் வேண்டாம் மாமா. வெறும் ஆள்."

"வெறும் ஆள், ரெண்டு மாடி." மனசுக்குள் குறித்துக்கொண்டார். "நீங்க ஏறுவீங்களா?"

"நான் தினமும் வாளியோட நாலு மாடி ஏறறேன்."

"அப்ப உங்களுக்கு ஒரு கோளாறும் இல்ல."

"எனக்கென்ன மாமா."

"அதைத்தான் நானும் யோசிக்கறேன்," என்றார் மாமனார். மேற்கொண்டு நடந்தார்.

செவ்வாய்க்கிழமை அவன் வேலை முடிந்து வந்தபோது கட்டட வாசலில் கூட்டம். லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் மாடிக்காரர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உங்க மாமனார் தெய்வம் சார். மேல மோட்டார் ரூம் வரைக்கும் படியிலேயே ஏறிட்டாரு. ரெண்டு மணி நேரத்துல சரி பண்ணிட்டாரு. என்ன சார் இந்த வயசுலன்னு கேட்டா, பழையபடி எல்லாம் செய்யலாம்னு மாப்பிள்ளை சொல்லிட்டாருங்கறாரு."

வீட்டுக்குள் மாமியார் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"நீங்க அவருக்கு என்ன சொன்னீங்க மாப்பிள்ளை?"

"படி ஏறச் சொன்னேன் அத்தை."

"மோட்டார் ரூமுக்கா?"

"ரெண்டு மாடிக்கு."

"இனிமே அவரை ஒரு நிமிஷம் நம்ப முடியாது," என்றாள் மாமியார். உள்ளே மாமனார் கையெல்லாம் கிரீஸோடு சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

நம்ப முடியாதாம். இருந்த கொஞ்ச நம்பிக்கையையும் தான் கெடுத்துவிட்டதாக அவனுக்குப் பட்டது. வாயால் சொன்னால்தானே இந்த வம்பு, காகிதம் சொல்லட்டும் என்று முடிவு செய்தான்.

ஆஸ்பத்திரி அலமாரியில் துண்டுப் புத்தகக் கட்டு ஒன்று இருந்தது. 'மாரடைப்புக்குப் பிறகு உங்கள் மணவாழ்க்கை.' அட்டையில் ஓர் ஆணும் பெண்ணும் பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். படம் வரைந்தவருக்கும் கூச்சம் போலிருக்கிறது. நோயாளிகளுக்குக் கொடுக்கத்தான் அச்சடித்தார்கள். கட்டின் கயிறு இன்னும் அறுக்கப்படவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, இடுக்கில் விரலை விட்டு ஒன்றை உருவி அன்றைக்கு மதியமே அவன் பைக்குள் போட்டு வைத்திருந்தான்.

மாமனார் படிக்கிற செய்தித்தாளுக்குள் அதைச் செருகிவிட்டுக் குளிக்கப் போனான். வழக்கத்தைவிட ரொம்ப நேரம் குளித்தான். வெளியே வந்தபோது புத்தகம் மாமியார் கையில் இருந்தது.

"மாப்பிள்ளை, இது உங்களோடதா?"

"இல்ல அத்தை. யாரோ பேஷண்ட்டோடது. தவறி வந்திருக்கும்."

மாமியார் அட்டைப் படத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "பாவம். வாய்விட்டுக் கேக்க முடியாம வச்சுட்டுப் போயிருக்காங்க."

"ஆமா அத்தை."

"படிக்க வேண்டியவங்க படிச்சா சரி," என்று புத்தகத்தை அறைக்குள் எடுத்துக்கொண்டு போனாள். அவனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினான்.

புதன்கிழமை மதியம் நர்ஸுகள் சாப்பிடுகிற அறையில் பையைத் திறந்து டப்பாவை வெளியே எடுத்தான். கூடவே அந்தப் புத்தகமும் வந்து கீழே விழுந்தது. எதிரே ஈ.சி.ஜி. எடுக்கிற பெண் உட்கார்ந்திருந்தாள். அவள்தான் குனிந்து எடுத்தாள்.

"சார், உங்களுக்கு எப்ப வந்தது?"

"எது?"

"அட்டாக்."

"எனக்கு வரலையே."

"பென்சில்ல கோடெல்லாம் போட்டுப் படிச்சிருக்கீங்களே."

அவன் வாங்கிப் பார்த்தான். ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரியின் கீழ் கோடு இழுத்திருந்தது. 'தயக்கம் இருவருக்குமே இருக்கும். யாராவது ஒருவர் முதலில் பேச வேண்டும்.' ஆக, மாமியார் படித்திருக்கிறாள். படித்துவிட்டு, பேஷண்ட்டிடம் திருப்பிக் கொடுக்கட்டும் என்று பையில் வைத்திருக்கிறாள். பாவம், எவ்வளவு நல்லவள். இதை எப்படி இந்தப் பெண்ணுக்கு விளக்குவது?

"இது எங்க மாமியார் போட்ட கோடு," என்றான்.

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று புரிந்தது. அந்தப் பெண் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் ஆபத்து. பத்து நிமிஷத்தில் பெரிய சிஸ்டர் வந்துவிட்டாள்.

"படு," என்றாள்.

"சிஸ்டர், எனக்கு ஒண்ணுமில்ல."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. சட்டையைக் கழட்டு."

தன் வார்டில், தன் கட்டிலில், தான் உப்பைப் பற்றிப் பாடம் நடத்திய நாலு நோயாளிகள் வேடிக்கை பார்க்க, உப்பு சார் மல்லாந்து படுத்தான். ஈ.சி.ஜி. பெண் அவன் முகத்தைப் பார்க்காமல் ஒயர்களை ஒட்டினாள். துடிப்பு நூற்றிருபத்து நாலு.

"முப்பத்தாறு வயசுல இது என்ன துடிப்பு?" என்றாள் பெரிய சிஸ்டர்.

வெட்கத்தில் துடிக்கிறது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டான். பக்கத்துக் கட்டில்காரர் குரல் கேட்டது. "உப்பு சேத்துக்கிட்டீங்களா சார்?"

அரை நாள் லீவு கொடுத்து அனுப்பினார்கள். அவன் வருவதற்குள் பெரிய சிஸ்டரின் போன் வீட்டுக்கு வந்துவிட்டது. சோபாவில் போர்வை விரித்துத் தயாராக இருந்தது. மாமனார் சின்னத் தட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தார். அதில் மாத்திரை எதுவும் இல்லை. பழக்க தோஷம். மாமியார் ஒரு கிண்ணம் சூப் கொண்டுவந்தாள்.

"உப்பு போடல மாப்பிள்ளை. குடிங்க."

குடித்தான். இரண்டு வருஷமாகத் தான் எத்தனை பேரை இதைக் குடிக்க வைத்திருக்கிறோம் என்று முதல்முறையாகத் தெரிந்தது.

"மனசுல எதையும் போட்டு அமுக்கி வச்சுக்கக் கூடாது," என்றாள் மாமியார். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவனும் சொல்ல வாயெடுத்தான். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் இருமல் வந்தது.

சாயங்காலம் மனைவி துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனாள். வாளிக்காக அவனும் பின்னாலேயே போனான். போனவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். கட்டம், டிக், இருமல், நாளைக்கு வரப்போகிற போன்.

"நீ போய் உங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடேன்."

"எதை?"

"அதைத்தான்."

"எங்க அப்பாவைப் பத்தி, எங்க அம்மாகிட்ட, நான்?"

"பொம்பளைக்குப் பொம்பளை சுலபமா இருக்கும்."

"நர்ஸ் நீங்க. உங்களுக்கு அது வேலைங்க."

நியாயம்தான். அவன் ஒரு துண்டை எடுத்து மடித்தான். சரியாக வரவில்லை. மறுபடி மடித்தான்.

"இந்த மாதிரி எத்தனை பேருக்குச் சொல்லாம அனுப்பியிருப்பீங்க?" என்று கேட்டாள்.

"ஒரு முந்நூறு இருக்கும்."

"அவங்க வீட்லயெல்லாம் என்ன நடக்கும்?"

"என்ன நடக்கும்?"

"ஒண்ணும் நடக்காது." கொடியிலிருந்து கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். "எப்ப சரியாகும்னு யாரும் சொல்லல. அதனால இன்னும் சரியாகலைன்னே நெனச்சுக்கிட்டு ஆளுக்கொரு மூலையில கிடப்பாங்க. நாம போய்க் கேட்டா தப்பா நெனச்சுக்குவாங்களோன்னு இவங்க சும்மா இருப்பாங்க. கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு அவங்க சும்மா இருப்பாங்க. ரொம்ப நல்லவங்களா இருந்தா இன்னும் மோசம்."

முந்நூறு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு கட்டில். அவனுக்குக் காது சுட்டது. இவள் இவ்வளவு தூரம் யோசித்திருக்கிறாளே, தனக்கு இது தோன்றவே இல்லையே என்று கூனிப்போனான்.

"குடுங்க, வாளியை நான் தூக்கறேன்," என்றாள்.

"வேண்டாம். ஆபரேஷன் ஆன வயிறு."

"எப்பவோ ஆறிப்போச்சுங்க."

"இருக்கட்டும்."

வாளியோடு முன்னால் இறங்கினான். இந்த ஒரு விஷயத்திலாவது தான் ஒழுங்காக இருக்கிறோம் என்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பின்னால் அவள் இறங்கி வருகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்கவில்லை. பிறகு கேட்டது. லிஃப்ட் ஓடிக்கொண்டிருப்பது இரண்டு பேருக்கும் ஞாபகமே இல்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்குப் பெரிய சிஸ்டர் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு எண்ணை அழுத்தினாள். போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேஜைமேல் வைத்தாள். ஈ.சி.ஜி. பெண்ணும் வந்து நின்றாள்.

மாமனார் எடுத்தார். உப்பு பற்றிச் சொன்னாங்களா? சொன்னாங்க, கனவுலகூட வருது. மாத்திரை? சொன்னாங்க. படி? அதுக்கு லிஃப்டே சாட்சி. பத்துக் கட்டம் போய்விட்டது. அவன் தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

"பதினொண்ணு," என்றாள் பெரிய சிஸ்டர். "தாம்பத்திய உறவு பத்தி விளக்கிச் சொன்னாங்களா ஐயா?"

வார்டில் ஏதோ ஒரு மெஷின் பீப் பீப் என்றது. அது தன்னிடமிருந்துதான் வருகிறது என்று அவனுக்கு ஒரு கணம் தோன்றியது.

"சொன்னாங்க சிஸ்டர்," என்றார் மாமனார். "பயப்படறதுக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னாங்க. ரெண்டு மாடிக் கணக்கும் சொன்னாங்க. எங்களுக்கு எல்லாம் தெளிவா இருக்கு. எங்களுக்குத் தெளிவாத்தான் இருக்கு."

பெரிய சிஸ்டர் போனை வைத்தாள். அவன் முதுகில் தட்டினாள். "உன்னைப் பத்திக் கொஞ்சம் சந்தேகமாத்தான் இருந்துச்சு தம்பி. சொந்த மாமனாருக்கே சொல்லியிருக்கேன்னா உனக்குக் கூச்சமே கிடையாது. அடுத்த மாசத்துலேருந்து புது நர்ஸுங்களுக்குப் பதினோராவது கட்டத்தை நீதான் சொல்லித் தரணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். அவனுக்கு அழுகை வரும் போலிருந்தது. தன்னைக் காப்பாற்ற ஒரு இதய நோயாளி பொய் சொல்லியிருக்கிறார். ஒன்றும் தெரியாமலேயே, தெரியும் என்று. இனி அவர் யாரிடமும் கேட்கக்கூட முடியாது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் சமையலறைக்குப் போனான். மாமியார் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மனைவி இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. மாமனார் கீழே நடக்கப் போயிருந்தார். மாமியார் முகத்தைப் பார்த்தால் பேச வராது. அவன் ஃப்ரிட்ஜைப் பார்த்து நின்றான்.

"அத்தை, நான் ஒண்ணு சொல்லணும். நடுவுல எதுவும் கேக்காதீங்க. கேட்டா எனக்கு இருமல் வந்துரும்."

கத்தி நின்றது.

"மாரடைப்பு வந்துட்டா எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு அர்த்தமில்ல. ரெண்டு மாடி ஏறி வலி வரலன்னா புருஷன் பொண்டாட்டியா இருக்கறதுக்குத் தடை ஒண்ணும் கிடையாது. அதுல இதயத்துக்கு அவ்வளவுதான் வேலை. வயிறு முட்டச் சாப்பிட்ட உடனே வேண்டாம். ரொம்பக் களைப்பா இருக்கும்போது வேண்டாம். நெஞ்சு வலிச்சா நிறுத்திடணும், மறைக்கக் கூடாது. நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை வச்சிருக்கறவங்க, வீரியத்துக்குன்னு கடையில விக்கிற மாத்திரையைத் தொடவே கூடாது, அது உயிருக்கு ஆபத்து. ஆர்வம் கொஞ்ச நாள் இல்லாம இருக்கலாம், அதுவும் சகஜம்தான். ஒண்ணும் அவசரமில்ல. சும்மா பக்கத்துல படுத்துக்கலாம். கையைப் பிடிச்சுக்கலாம். அதுக்கு மாடிக் கணக்குகூட வேண்டாம்."

ஃப்ரிட்ஜ் உறுமி நின்றது. இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவன் பதினோராவது கட்டத்தை முழுசாகச் சொல்லி முடித்திருந்தான்.

"இதை நான் ஏழு வாரத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லாம டிக் போட்டுட்டேன். அதனாலதான் நீங்க ஒரு ரூம், மாமா ஒரு ரூம். ஊருக்குப் போகவும் பயம். எல்லாம் என்னாலதான். காரணம் கூச்சம்தான் அத்தை, வேற ஒண்ணுமில்ல. மன்னிச்சுக்குங்க."

மாமியார் கத்தியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். எழுந்து வந்து, அவனோடு சேர்ந்து அவளும் ஃப்ரிட்ஜைப் பார்த்து நின்றுகொண்டாள். அவளுக்கும் முகம் சிவந்திருந்தது.

"அவருக்கு டாக்டர் ரெண்டாம் நாளே எல்லாம் சொல்லிட்டாரு, மாப்பிள்ளை. நாங்க ஏழு வாரமா கிளம்பாம உக்காந்திருக்கறது, என் பொண்ணுக்கு ஆபரேஷன் ஆகி ஒன்றரை வருஷம் ஆச்சு, டாக்டரம்மா ஆறு வாரம்தான் தள்ளிப் படுக்கச் சொன்னாங்கன்னு உங்ககிட்ட யாரு சொல்றதுன்னு தெரியாமத்தான்."